பீலிக்கு ஒரு காவல்

ஒக்ரோபர் 6, வெள்ளி

மாரி தொடங்க இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். வழமைபோல இன்று பீலி துப்புரவு. எங்கள் கிணறு உவர். தேநீர், சோறு, பருப்பு எல்லாவற்றுக்கும் கூரையில் விழுந்து, ஓட்டு விளிம்பில் கட்டிய பீலி வழியாகத் தாங்கிக்கு வருகிற மழைத் தண்ணீர்தான். பீலி இலையால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் முற்றத்தில் கொட்டும், நாங்கள் வருடம் முழுக்க உப்புத் தேநீர் குடிப்போம். மாரிக்கு முன் ஒருதரம், மாரிக்குள் மூன்று தரம் ஏறித் துப்புரவு செய்யவேண்டும். முப்பத்தொரு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் என்பதற்காகச் சொல்லவில்லை, அதற்கொரு முறை இருக்கிறது. இந்த ஊரில் என்னைத் தவிர ஒருவருக்கும் அது தெரியாது.

யோகம் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பிடித்தால் ஏணி அசையாது, வாய் ஓயாது. கலியாணம் கட்டி நாற்பத்து மூன்று வருடமாக இதுதான் ஒழுங்கு. நான் மேலே இலை அள்ளுவேன், அவள் கீழே ஊர்க்கதை அள்ளுவாள். நான் “ம்” கொட்டவேண்டும். கொட்டாவிட்டால் ஏணியில் ஒரு தட்டு விழும்.

மாமரத்துப் பக்கம், அதாவது கிழக்குப் பீலி, பத்தரைக்குள் முடிந்தது. கிடைத்தவை: பழைய குருவிக்கூடு ஒன்று, பக்கத்து வீட்டுப் பெடியளின் பந்து ஒன்று, எப்படி வந்ததென்று விளங்காத தேக்கரண்டி ஒன்று. தேக்கரண்டியைத் தான் மூன்று வருடமாகத் தேடுவதாக யோகம் சொன்னாள். அதற்கும் பழி என்மேல்தான்.

பிறகு வேம்புப் பக்கம், மேற்குப் பீலி. ஏறிக்கொண்டிருந்தபோது வெயில் சற்றுக் கடுமையாகப் பட்டது. ஓட்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றேன். தேநீர் நேரமும் ஆகிவிட்டதால் இறங்கிவிட்டேன். மேற்குப் பக்கத்தைப் பிறகு பார்க்கலாம்.

இறங்கி வந்தபோது யோகம் ஒன்றும் பேசவில்லை. களைத்துவிட்டாள் போலிருக்கிறது. அவளுக்கும் அறுபத்தெட்டு ஆகிறதல்லவா.

ஒக்ரோபர் 8, ஞாயிறு

மாலையில் கனடாவிலிருந்து மகள் சுகிர்தா தொலைபேசி எடுத்தாள். சுகம் கேட்டு முடிய முன்னமே, “அப்பா, பீலிக்கு வலை போடுங்கோ” என்றாள். அங்கே அதற்குக் ‘கட்டர் காட்’, அதாவது பீலிக் காவல், என்று பெயராம். பீலியின் வாயை மூடி வலை அடித்துவிட்டால் தண்ணீர் மட்டும் போகும், இலை மேலே தங்கிக் காற்றோடு பறந்துவிடுமாம்.

“எங்கட வீட்டில போட்டு ஆறு வருசம். ஒருத்தரும் ஏறினதே இல்லை அப்பா.”

“உங்கட மேப்பிள் இலை கை அகலம் பிள்ளை. அது வலையில நிக்கும். வேப்பம் இலை அப்பிடியே? ஊசி மாதிரிப் பூந்திடும். பூந்து உள்ளுக்குக் கிடந்து ஊறும். வலையையும் கழட்டி இலையையும் அள்ள வேணும். ரெட்டை வேலை.”

“எழுபத்து மூண்டு வயசில ஏணியில ஏறுறதுக்கு ரெட்டை வேலை பரவாயில்லை.”

“நான் ஏறுவன். என்ரை கால், என்ரை ஏணி.”

இவ்வளவு காலமும் பீலியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத பிள்ளைக்கு இன்று திடீரென்று என்ன வந்தது என்று விளங்கவில்லை. யோகம் பக்கத்தில் இருந்து கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்து “என்ன இது?” என்று கேட்டேன். கத்தரிக்காயில் புழுவாம்.

ஒக்ரோபர் 9, திங்கள்

மேற்குப் பீலியை முடிக்கலாம் என்று ஏணியை எடுத்தேன். யோகத்துக்கு முழங்கால் நோவாம். நின்று பிடிக்க ஏலாதாம். அவள் பிடிக்காமல் நான் ஏறுவதில்லை. ஏணியைத் திரும்ப மாமரத்தில் சாத்திவிட்டேன்.

ஒக்ரோபர் 11, புதன்

சுகிர்தாவின் வாயை அடைக்க ஒரு பரிசோதனை செய்தேன். கொட்டிலில் கிடந்த பழைய தகரப் பீலித் துண்டொன்றை முற்றத்தில் கற்களின் மேல் சரிவாக வைத்தேன். ஒரு பாதிக்குக் கோழிக்கூட்டு வலை, மற்றப் பாதிக்கு நுளம்பு வலை. மேலே இலைகளைத் தூவிப் பூவாளியால் ‘மழை’ பெய்வித்தேன். யோகம் வாசலில் கதிரை போட்டு முழங்காலை நீட்டிக்கொண்டு பார்த்தாள்.

கோழிக்கூட்டு வலை: மாவிலை நிற்கிறது. வேப்பம் இலை நான் சொன்னபடியே புகுந்துவிடுகிறது.

நுளம்பு வலை: வேப்பம் இலையும் நிற்கிறது. ஆனால் நனைந்ததும் பாய் விரித்ததுபோல ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் உள்ளே போகாமல் அதற்கு மேலால் வழுக்கி வெளியே விழுகிறது. காய்ந்த பிறகு ஒரு விளக்குமாற்றால் தட்டினால் உதிர்ந்துவிடுகிறது என்பதையும் நேர்மைக்காக எழுதிவைக்கிறேன். இதைச் சுகிர்தாவுக்குச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை.

“அப்ப நுளம்பு வலையில பாதி வெற்றிதானே?” என்றாள் யோகம்.

“விஞ்ஞானத்தில பாதி வெற்றி எண்டு ஒண்டு இல்லை.”

“ஓமோம். புருசன்மாரிலதான் இருக்கு.”

ஒக்ரோபர் 13, வெள்ளி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும், இல்லாவிட்டால் நாளை நானே நம்பமாட்டேன்.

காலை எட்டு மணிக்கு வாசல் படலையடியில் ஒரு மனிதர். நீலச் சட்டை, தொப்பி, இடுப்பில் விசில். வயது ஐம்பத்தெட்டு ஐம்பத்தொன்பது இருக்கும். சப்பாத்தைச் சேர்த்து வைத்து நிமிர்ந்து நின்று சொன்னார்:

“ஐயா, நான் பீற்றர். ரமணன் தம்பி அனுப்பினவர். காட் வேலைக்கு.”

ரமணன் யோகத்தின் தமையன் மகன், யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கியில் வேலை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “இஞ்சை களவு போக என்ன இருக்கு?” என்று கேட்டேன்.

“களவுக்கில்லை ஐயா. ஏணிக்கு. நீங்கள் ஏணியில ஏறாமப் பாக்க வேணுமாம்.”

ரமணனுக்கு எடுத்து ஏசினேன். அவன் பாவம், சுகிர்தா அனுப்பிய செய்தியை எனக்கு வாசித்துக் காட்டினான்: ‘அப்பா ஏணியில் ஏறுகிறார். வீட்டுக்குக் கெதியாய் ஒரு காட் போடு.’ அவள் கேட்டது பீலி வலை. எங்கள் ஊரில் காட் என்றால் வங்கி வாசலில் தொப்பியோடு நிற்கிற ஆள்தான். பிள்ளைக்குத் தகப்பன்மேல் அவ்வளவு நம்பிக்கையீனம் என்று நினைத்து, தன் வங்கியில் பத்தொன்பது வருடம் வாசலில் நின்று ஓய்வு பெற்ற பீற்றரைப் பிடித்து அனுப்பிவிட்டான்.

நான் சிரித்தேன். பீற்றரும் சிரித்தார். யோகம் சிரிக்கவில்லை.

“வந்த மனிசனைத் திருப்பி அனுப்பக்கூடாது. நிக்கட்டும். பீற்றர் தம்பி, தேத்தண்ணி குடிக்கிறீரே?”

“யோகம், அது பிழையான காட்!”

“எனக்கு இது சரியான காட்.”

ஒக்ரோபர் 15, ஞாயிறு

பீற்றர் ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்து வந்துவிட்டார். மாமரத்தடியில், ஏணிக்குப் பக்கத்தில் கதிரை. மடியில் ஒரு கொப்பி. வங்கியில் பழகிய பழக்கமாம், நடப்பதை எல்லாம் பதிவாராம். அவர் சாப்பிடப் போனபோது எடுத்துப் பார்த்தேன்:

‘9.10. ஐயா ஏணியைப் பார்த்தார்.
9.40. ஐயா ஏணியைத் தொட்டார். எச்சரிக்கப்பட்டார்.
10.05. அம்மா தேநீர் தந்தார். வடை இரண்டு.
10.30. ஐயா ஏணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நடிப்பு.’

நானும் நாற்பது வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். இந்த மனிதரின் எழுத்தில் என்னுடையதைவிட உண்மை கூட இருக்கிறது.

ஒக்ரோபர் 18, புதன்

முதல் மழை. கிழக்குப் பீலியால் தண்ணீர் அழகாக வருகிறது. மேற்குப் பீலி நிரம்பி முற்றத்தில் கொட்டுகிறது. தானே ஏறட்டுமா என்று பீற்றர் கேட்டார். என் பீலியில் வேறு ஆள் கை வைக்க நான் சம்மதிக்கவில்லை. யோகத்தின் முழங்கால் சுகமானதும் நானே முடித்துவிடுவேன்.

ஒக்ரோபர் 22, ஞாயிறு

குனிந்து செருப்பை எடுத்தபோது மறுபடியும் வெயில். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நேரம் மாலை ஆறரை.

ஒக்ரோபர் 29, ஞாயிறு

நோவது வலது முழங்காலா இடது முழங்காலா என்று யோகத்திடம் கேட்டேன். “ரெண்டும்” என்றாள். போன கிழமை ஒன்றுதான் என்று ஞாபகம்.

சந்தைக்குப் போய் ஒரு முழுப் பலாப்பழத்தைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். பீற்றர் ஓடிப்போய் வாங்கினார். நோவோடு இவ்வளவும் செய்கிறாளே என்று எனக்கு மனம் கஷ்டமாக இருந்தது. பின்னேரம் நானே நல்லெண்ணெய் சூடாக்கிக் காலுக்குத் தேய்த்துவிட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளாக்கும் என்று நினைத்து இன்னும் மெதுவாகத் தேய்த்தேன்.

நவம்பர் 5, ஞாயிறு

ரமணன் ஒரு வழியாகச் சரியான காட்டை அனுப்பிவிட்டான். நுண்ணிய கம்பி வலை, ஒரு பெரிய சுருள். பீற்றர் அதைக் கொப்பியில் பதிந்தார்: ‘எனக்குப் பதிலாள் வந்துள்ளது.’

எழுதிவிட்டுக் கொப்பியை மூடி மடியில் வைத்தார். மனைவி செத்து நாலு வருடம், பிள்ளைகள் இரண்டும் பிரான்சில். ஓய்வு பெற்ற பிறகு காலையில் எழும்பி எங்கே போவதென்று தெரியாமல் இருந்தவர் என்று யோகம் சொன்னாள். இதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும்? வடை கொடுத்துக் கேட்டிருப்பாள்.

மேற்குப் பீலி துப்புரவில்லாமல் வலை அடிக்க முடியாது, குப்பையை உள்ளே வைத்து மூடியதாகிவிடும் என்று சொல்லிச் சுருளைக் கொட்டிலில் வைத்தேன். பீற்றரின் முகம் தெளிந்தது.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. பீற்றருக்கும் பலகாரம். மழை.

நவம்பர் 18, சனி

சூரன்போர். கந்தசஷ்டி விரதம் ஆறு நாளும் யோகம் தண்ணீரும் பழமுமாக இருந்தாள். காலை மாலை கோயிலுக்கு நடந்து போய் ஒவ்வொரு முறையும் வெளிவீதி மூன்று சுற்று. முழங்கால் நோ எங்கே போனதென்று கேட்டேன்.

“முருகன் பாக்கிறார்.”

“அப்ப முருகன் ஏணியையும் கொஞ்சம் பிடிக்கச் சொல்லி விடமாட்டாரோ?”

“அதுக்குத்தான் பீற்றரை அனுப்பியிருக்கிறார்.”

கோயிலில் யாருக்காக இவ்வளவு மன்றாடினாள் என்று கேட்கவில்லை. வழமையாகச் சுகிர்தாவின் பிள்ளைகளுக்காகத்தான் இருக்கும்.

நவம்பர் 20, திங்கள்

விடியலில் இருந்து சோனாவாரியான மழை. பத்து மணியளவில் மேற்குப் பீலி முற்றாக அடைத்துவிட்டது. வெளியே கொட்ட வழியில்லாத மூலையில் தண்ணீர் பின்னுக்கு ஏறி, ஓட்டுக்குக் கீழால் வந்து படுக்கையறைச் சுவரில் வடிந்தது. யோகமும் நானும் கட்டிலை இழுத்தோம். அலுமாரியைக் காலி செய்தோம். அவளது கலியாணக் கூறைச் சேலை நனைந்துவிட்டது. அதை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு மணிக்கு மழை சற்று விட்டது. நான் நேரே போய் ஏணியை எடுத்து மேற்குச் சுவரில் சாத்தினேன். பீற்றர் குறுக்கே வந்து நின்றார். இவ்வளவு நாளும் விளையாட்டாக இருந்த மனிதர். இன்று குரல் வேறாக இருந்தது.

“ஐயா, வேண்டாம்.”

“தள்ளும் பீற்றர். என்ரை வீடு ஒழுகுது.”

“என்னைத் தள்ளிப்போட்டு ஏறுங்கோ.”

அவரைத் தள்ளியும் விட்டிருப்பேன். முதல் படியில் காலும் வைத்துவிட்டேன். அப்போது திரும்பிப் பார்த்தேன். யோகம் வாசலில் நின்றாள். ஏசவில்லை, கூப்பிடவில்லை. நனைந்த கூறைச் சேலையின் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாற்பத்து மூன்று வருடத்தில் அப்படி ஒரு முகத்தை நான் கண்டதில்லை. அல்லது அவள் கீழேயும் நான் மேலேயும் நின்றபடியால் காணக் கிடைக்கவில்லை.

படியிலிருந்து காலை எடுத்தேன்.

“நீங்கள் ஏறக்கூடாதெண்டுதான் எனக்கு ஓடர்” என்றார் பீற்றர். “நான் ஏறக்கூடாதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. பிடியுங்கோ.”

தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்துவிட்டு ஏறினார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஏணி பிடித்தேன். பிடிப்பதென்றால் சும்மா நிற்கிற வேலை என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அப்படியல்ல. மேலே நிற்கிறவரின் உடம்பு முழுவதும் ஏணி வழியாகக் கைக்கு வருகிறது. வலது காலில் இருந்து இடது காலுக்குப் பாரம் மாறினால் தெரிகிறது. எட்டி அள்ளினால் தெரிகிறது. ஒருதரம் தும்மினார், அது என் முழங்கை வரைக்கும் வந்தது. ஒரு படியில் சப்பாத்துக் கொஞ்சம் வழுக்கியது, அரை அங்குலம் இருக்காது. “பீற்றர்!” என்று கத்தினேன். “ஒண்டுமில்லை ஐயா” என்றார். அவருக்கு ஒன்றுமில்லை. நான் ஏணியை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் விளங்கியது. ஒக்ரோபர் ஆறாம் திகதி நான் மேலே நின்றபோது ஏணியைப் பிடித்திருந்தது யோகம்.

பீற்றர் மூன்று வாளி கறுத்த சேறும் இலையும் அள்ளினார். தண்ணீர் ‘கடகட’ என்று தாங்கிக்கு இறங்கியது. என் முறைப்படி அள்ளவில்லை, ஆனாலும் நன்றாகவே அள்ளினார்.

அவர் போனபிறகு குசினிக்குப் போனேன். யோகம் சேலையைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தாள்.

“யோகம், அண்டைக்கு மேற்குப் பக்கம் ஏறேக்க எனக்குத் தலை சுத்தினது.”

“ஓம்.”

“வெயில் இல்லை.”

“தெரியும். ஏழாம் படி. ஏணி உதறினது. நான் எண்ணிக்கொண்டு நிண்டனான். நூற்றிப்பத்து வரைக்கும் எண்ணினன். நீங்கள் இறங்கேல்லை.”

“ஏன் அண்டைக்கே கேக்கேல்லை?”

“நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்தன். கேட்டா வெயில் எண்டுதானே சொல்லுவியள்.”

கொடியில் சேலையின் மறுதலைப்பைப் பிடித்து இழுத்துவிட்டேன். ஒரு சுருக்கமும் இல்லாமல் இருவரும் விரித்தோம்.

“அப்ப உம்மட முழங்கால்?”

“அதுக்கென்ன குறை? கல்லு மாதிரி இருக்கு.” பிறகு சொன்னாள்: “நான் பிடிக்காட்டி நீங்கள் ஏறமாட்டியள். அது ஒண்டுதானப்பா என்ரை கையில இருந்தது.”

நான் எண்ணெய் தேய்த்தபோது அவள் அழவில்லை, சிரிப்பை அடக்கியிருக்கிறாள். கோபம் வரவேண்டும், வரவில்லை. பதிலாக, அன்று ஏழாம் படியில் நின்றபோது எனக்கு எவ்வளவு பயமாக இருந்தது என்பதை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். கண் இருட்டி, ஓடு எங்கே கை எங்கே என்று தெரியாமல், கீழே யோகம் யாருடைய கலியாணத்தைப் பற்றியோ சொல்லிக்கொண்டிருந்த குரல் மட்டும் கேட்டது. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். அந்தக் குரலும் நின்றபோது இன்னும் பயந்துவிட்டேன்.

“பேந்து எண்ணத் தொடங்கிட்டன்” என்றாள் யோகம். “எண்ணேக்க கதைக்க ஏலாது.”

நவம்பர் 23, வியாழன்

வெயில், இந்தமுறை உண்மையான வெயில். பீற்றர் இரண்டு பக்கமும் வலை அடித்து முடித்தார். நான் பிடித்தேன்.

சுகிர்தாவுக்கு நேர்மையாக எழுதி அனுப்பினேன்: வலை போட்டால் ஏணியே தேவையில்லை என்பது உன் வீட்டுக்குச் சரியாக இருக்கலாம், வேம்பு நிற்கிற வீட்டுக்குச் சரியில்லை. நாலு தரம் ஏறவேண்டிய இடத்தில் ஒருதரம் ஏறி விளக்குமாற்றால் தட்டவேண்டும். ஆனால் அந்த மூன்று தரம் மிச்சமாவது சின்ன விஷயமல்ல. ஆகவே போட்டது சரிதான். இதை நான் ஒப்புக்கொண்டேன் என்று அம்மாவிடம் சொல்லாதே.

யோகம் பக்கத்தில் இருந்து வாசித்துவிட்டாள்.

பீற்றரை நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவரும் கேட்கவில்லை. கதிரை மாமரத்தடியிலேயே இருக்கிறது.

நவம்பர் 24, வெள்ளி

யோகம் என்னை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டொக்டர் என்னிடம் படித்த பிள்ளை, விஞ்ஞானத்தில் கெட்டிக்காரி. எவ்வளவு காலமாகத் தலைசுற்று என்று கேட்டாள். “ஒரு கிழமை இருக்கும்” என்று நான் தொடங்க, “ஒக்ரோபர் ஆறு, பத்தே முக்கால்” என்று யோகம் முடித்தாள். டொக்டர் என்னை இருக்கவைத்து ஒருதரம், நிற்கவைத்து ஒருதரம் பிரஷர் பார்த்தாள். எழும்பும்போது நன்றாகக் குறைகிறதாம். நான் வழமையாகப் போடுகிற பிரஷர் குளிசையை மாற்றித் தந்திருக்கிறாள். இரத்தம் சோதிக்கவேண்டும், இரண்டு கிழமையில் திரும்ப வரவேண்டும்.

“ஏணி மட்டும் இனி வேண்டாம் சேர். ஒருநாளும் வேண்டாம்.”

நான் தலையாட்டினேன். ஒப்புக்கொள்வது லேசாக இருக்கும் என்று நினைத்தேன், இருக்கவில்லை. “கீழ நிண்டு பிடிக்கலாமோ பிள்ளை?” என்று கேட்டேன்.

“பிடிக்கலாம் சேர். அதில என்ன கஷ்டம்?”

“என்ன கஷ்டமோ?” என்றாள் யோகம். “மேல நிக்கிறவருக்குத் தன்ரை உயிர் மட்டும்தான் பிள்ளை. கீழ நிக்கிறவைக்குத்தான் நல்ல நெஞ்சு வேணும்.”

டொக்டர் சிரித்துக்கொண்டு என் நெஞ்சில் குழாயை வைக்க வந்தாள். நான் அதை மெதுவாகத் தள்ளிவிட்டேன்.

“என்னைப் பேந்து பாக்கலாம். நாப்பத்து மூண்டு வருசம் கீழ நிண்டது இவ. முதல்ல இவவின்ரை நெஞ்சைப் பாரும் பிள்ளை” என்றேன்.

யோகம் ஏதோ ஏசத் தொடங்கினாள். டொக்டர் வாயில் விரலை வைத்துக் காட்டி, பேசாமல் மூச்சை இழுத்து விடச் சொன்னாள். யோகம் இழுத்து விட்டாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.